நம் கோயில்களில் விளக்கு வந்த வரலாறு

ஜூபிலி மலர் என்றால் பங்குத் தந்தையரின் வரிசையும், கோயில் கட்டிய கதையும், சபைகளின் வரலாறும் இடம்பெறுவது வழக்கம். அவற்றை எழுதத் தகுந்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரு சிறு வரலாறு. நம் கம்பம் பள்ளத்தாக்கின் கோயில்களில் விளக்கு எதைக் கொண்டு எரிந்தது, அது எப்படிப் பெருகியது, அதனால் இன்று நாம் காற்றில் எவ்வளவு கரியமில வாயுவைச் சேர்க்கிறோம் என்பதே அது.

நம் தாத்தா, பாட்டிமார் காலத்தில் மாலைப் பூசை என்ற பேச்சே கிடையாது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, விடியலுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னதாகவோ, நண்பகலுக்குப் பின் ஒரு மணி நேரம் கழித்தோ பூசையைத் தொடங்கலாகாது. நற்கருணை வாங்குவோர் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒருசந்தி காக்க வேண்டும். ஆகவே எல்லாம் காலைப் பூசைதான். பாஸ்காத் திருவிழிப்புகூடப் பெரிய சனிக்கிழமை காலையிலேயே முடிந்துவிடும். பட்டப்பகலில் பாஸ்கா மெழுகுதிரியை ஏற்றி, இருளை வென்ற ஒளி என்று பாடியதை இன்று நினைத்தால் விந்தையாக இருக்கிறது! அதை இரவுக்கு மாற்ற 1951இல் சோதனையாக அனுமதி கிடைத்தது. 1956 முதல் அதுவே எங்கும் சட்டமாயிற்று.

ஆகவே கோயிலுக்கு இரவு வெளிச்சம் தேவைப்பட்ட நாள்கள் சிலவே: கிறிஸ்துமஸ் நடுநிசிப் பூசை, நவநாள் மாலைகளின் தேவநற்கருணை ஆசீர், திருவிழாச் சப்பரம். அந்நாள்களுக்கு எண்ணெய் விளக்கும் மெழுகுதிரியும் போதுமானவையாய் இருந்தன. பின்னர் பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. ஊர் வாயில் அது ‘கேஸ் லைட்டு’. மேண்டில் கட்டி, ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, காற்றடித்து அதை எரியவைக்கத் தெரிந்த கோயில் பிள்ளைக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. பேழையருகே அணையாமல் எரியும் விளக்குக்கு ஒலிவ எண்ணெய் அல்லது தேன்மெழுகு என்பது சட்டம். ஒலிவ எண்ணெய் கிடைக்காத நாடுகளில் வேறு எண்ணெய், கூடுமானவரை தாவர எண்ணெய், பயன்படுத்தலாம் என்றும் அதே சட்டம் இடம் தந்தது.

மின்விளக்கைப் பற்றித் திருச்சபை எப்போது பேசிற்று? உரோமைத் திருச்சடங்குப் பேராயம் 1895ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. இருளைப் போக்கவும், கோயிலை நன்கு ஒளிபெறச் செய்யவும் மின்விளக்கு ஆகும். வழிபாட்டுக்குரிய திரிகளின் இடத்தில் அது ஆகாது. நாடகக் கொட்டகையின் தோற்றமும் வந்துவிடக்கூடாது என்பது அதன் சாரம். கண்ணைப் பறிக்கும் சீரியல் செட்டுகளால் பீடத்தையே மூடிவிடும் நம் திருவிழாக் குழுவினர் இந்தக் கடைசிப் பகுதியை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

அதே 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள்தான் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு பெரியாறு அணைத் திட்டத்தைத் திறந்து வைத்தார். பென்னிகுவிக் துரையின் உழைப்பில், மேற்கே கடலுக்கு ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் திரும்பியது. வயல்களும் ஊர்களும் பெருகின. அந்தத் தண்ணீர் பிற்காலத்தில் நம் கோயில்களுக்கு விளக்காகவும் வரும் என்று அன்று யார் எண்ணியிருப்பார்கள்?

அது வந்த விதம் கவனிக்கத்தக்கது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் தொடங்கியபோதிலும், அந்த மின்சாரம் முதலில் ஆலைகளையும் நகரங்களையுமே சேர்ந்தது. கிராமங்களுக்கு வரக் காலம் பிடித்தது. 1953 ஜனவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பானவர் ஒருசந்திச் சட்டத்தைத் தளர்த்தி, சில நாள்களில் மாலைப் பூசைக்கு இடம் தந்தார். 1957இல் ஆயர்கள் எந்நாளிலும் அதை அனுமதிக்கலாம் என்றாயிற்று. 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் அது நான்கு எந்திரங்களுடன் 140 மெகாவாட் நிலையமாயிற்று. 1978இல் சுருளியாறு நிலையமும் 35 மெகாவாட்டுடன் சேர்ந்தது. உரோமையில் மாலைப் பூசைக்கு வழி பிறந்த காலமும், மலையடிவாரத்தில் மின்சாரம் பிறந்த காலமும் ஒன்றாக அமைந்தன. சேற்றிலும் தோட்டத்திலும் பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் குளித்து, குடும்பத்தோடு பூசை காண முடிந்தது இதனால்தான். இது பெரிய நன்மை. இதைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று.

ஆனால் விளக்கோடு நிற்கவில்லை. குண்டு பல்பின் இடத்தில் குழல் விளக்கு வந்தது. பின் மின்விசிறி, ஒலிபெருக்கி, கோபுரத்துக்கு ஒளிவெள்ளம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், இப்போது சில ஊர்களில் ஏ.சி.

இங்கே பலரும் ஒரு பதில் சொல்வார்கள்: “நம்ம ஊர்க் கரண்டு தண்ணியிலதான வருது, அதுல புகை ஏது?” லோயர் கேம்ப்பைக் கண்முன் வைத்துக்கொண்டு வாழும் நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுழலுவதையும் பார்க்கிறோம். ஆயினும் மின்கம்பியில் வருவது ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று. பெரியாற்றுத் தண்ணீர் திறந்தால்தான் லோயர் கேம்ப் எந்திரம் சுழலும். ஆடிக்காற்று ஓய்ந்தால் காற்றாலையும் ஓயும். நாம் கோயில் விளக்கைப் போடும் மாலை வேளையில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும், தூத்துக்குடியிலும் மேட்டூரிலும் எரியும் நிலக்கரியும் சேர்ந்தே அந்தக் கம்பியில் வருகின்றன. இந்திய மின்தொகுப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது கணக்கு. ஜெனரேட்டருக்கு ஊற்றும் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ.

ஒரு கோயிலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய குழல் விளக்குகள் 30. சோக்குடன் சேர்த்து ஒவ்வொன்றும் 55 வாட். அவற்றின் இடத்தில் 20 வாட் எல்.இ.டி. குழல்களை மாட்டி, நாளொன்றுக்கு 3 மணி நேரம் எரித்தால் ஆண்டுக்குச் சுமார் 1,150 யூனிட் மிச்சம். கரியமில வாயுவில் 800 கிலோ குறைவு. நல்ல காரியம்தான். அதே கோயிலில் பத்து ஏ.சி. பெட்டிகளை வைத்து ஞாயிறு ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஓட்டினால் 30 யூனிட் செலவாகும். விளக்கு மாற்றியதால் ஒன்பது நாள்களில் மிச்சம் பிடித்தது அந்த ஒரே காலையில் போய்விடும்.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்றுண்டு. ஜூபிலி வந்தால் பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்ற பேச்சும் வருகிறது. ஒரு மூட்டை சிமெண்ட் உருவாகையில் சுமார் 30 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. 5,000 மூட்டை செல்லும் கோயிலுக்குச் சிமெண்டால் மட்டும் 150 டன். கம்பி, செங்கல் தனி. விளக்கை மாற்றிச் சேமித்தே இதை ஈடுகட்டுவதென்றால் 180 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் எத்தனை ஜூபிலிகள் வந்து போகும்! கோயிலுக்குள் இடமில்லாமல் மக்கள் வெயிலில் நின்றால், சுவர் உயிருக்கு ஆபத்தாய் விரிந்திருந்தால், கட்டத்தான் வேண்டும். பக்கத்துப் பங்கின் கோபுரத்தைவிட நம் கோபுரம் உயர வேண்டும் என்பதற்காக மட்டும் இடிப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நம் முன்னோர் கட்டிய முறையையும் பார்க்க வேண்டும். செக்கில் அரைத்த சுண்ணாம்பு, கடுக்காய் நீர், கருப்பட்டி நீர், செங்கல், ஓடு. பெரியாறு அணையே சுண்ணாம்பும் செங்கல் தூளும் மணலும் சேர்ந்த சுர்க்கிக் கலவையால் கட்டப்பட்டதுதான். சுண்ணாம்புக் காளவாயும் கரியமில வாயுவை வெளிவிடுவது உண்மையே. ஆனால் சுவரில் பூசிய சுண்ணாம்பு ஆண்டுக்கணக்கில் காற்றிலிருந்து அதில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சியே இறுகுகிறது. கனத்த சுவர், உயர்ந்த முகடு, எதிரெதிரே சன்னல்: கணவாய்க் காற்று உள்ளே வந்து வெளியேற இவை போதும். பிற்காலத்தில் அந்தச் சன்னல்களில் திறக்க முடியாத வண்ணக் கண்ணாடியைப் பதித்தோம். புழுக்கம் என்று மின்விசிறி மாட்டினோம். போதவில்லை என்று ஏ.சி.யைப் பற்றிப் பேசுகிறோம். சன்னலைத் திறக்கும்படி மாற்றத் தச்சர் ஒருவர் போதும்.

உரோமையிலும் இந்தக் கவலை பழையதே. 1990ஆம் ஆண்டு உலக அமைதி நாள் செய்தியை இரண்டாம் அருள் சின்னப்பர் படைப்பைப் பேணுவது பற்றியே எழுதினார். 2008இல் வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் ஏறத்தாழ 2,400 சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. 2015இல் வெளியான ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் குளிர்சாதனப் பெருக்கத்தைக் கண்டித்தார். தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களையும் மதித்துச் சொன்னார். 2024 ஜூனில், சாந்தா மரியா தி கலேரியா என்னுமிடத்தில் சூரிய மின் நிலையம் அமைத்து வத்திக்கான் நகரின் மின்தேவையை நிறைவுசெய்ய ஆணை பிறப்பித்தார்.

நம் பங்குகளில் சூரியத் தகடு என்றதும் எல்லோரும் கோயில் கூரையையே அண்ணாந்து பார்க்கிறார்கள். ஓட்டு முகட்டில் அதை ஏற்றினால் ஓடு உடையும், மழையில் ஒழுகும். மேலும் கோயிலுக்கு மின்சாரம் வேண்டியது பெரும்பாலும் மாலையில்; வெயிலோ பகலில். பகலில் மின்சாரம் செலவாவது பங்குப் பள்ளியிலும், அருட்கன்னியர் இல்லத்திலும், குருமனைத் தண்ணீர் மோட்டாரிலும். 5 கிலோவாட் தகடுகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 யூனிட் தரும். பள்ளி நேரத்தில் அது அங்கேயே செலவாகிவிடும். பள்ளியின் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலில் சும்மா கிடக்கிறது. தகடு வாங்குவோர் முதலில் ஏணி வைத்து ஏற வேண்டியது அங்கேதான்.