காணாமல் போன கோடு

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடை வரிசையில் நின்று "பாய்!" என்று ஒரு குரல் கொடுத்தால், கத்தியும் கையுமாக மூன்று நான்கு பேராவது திரும்புவார்கள். ஆய்வுக்கூடத்தில் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, செய்வதும் இதைத்தான். புரதம் முழுவதையும் அது பார்ப்பதில்லை. ஐந்தாறு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டைக் கண்டதும் ஒட்டிக்கொள்கிறது. அதே சாயலில் ஒரு துண்டு வேறு புரதத்தில் இருந்தால் அங்கும் ஒட்டும். திரும்பியவர் நாம் தேடிய ஆள்தானா? இதைச் சோதிக்க, அந்தத் துண்டையே தனியாகச் செய்த தடுப்புப் பெப்டைடு ஒரு வழி, அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய செல் இன்னொரு வழி.

தேக்காவில் டௌன்டவுன் பாதையில் ஏறி, பூமலையில் வட்டப் பாதைக்கு மாறினால் நான்காவது நிறுத்தம் ஒன்-நார்த். அங்கே பயோபொலிஸ் ஆய்வு வளாகத்தில், புற்றுநோயைத் தடுக்கும் பி53 என்ற புரதம் பல ஆண்டுகளாக ஆராயப்படுகிறது. 1979இல் அதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் லேன், 2004இல் இங்கே மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். போரெக் வொய்த்தெஷெக்குடன் அவர் உருவாக்கி 1992இல் வெளியிட்ட டிஓ-1 எதிர்ப்பொருள், 393 அமினோ அமிலங்கள் கொண்ட பி53இல் 20 முதல் 25 வரையுள்ள ஆறை மட்டும் பிடிக்கிறது. பி53ஐ அடக்கி வைக்கும் எம்டிஎம்2 புரதம் ஒட்டுவதும் ஏறத்தாழ அதே இடத்தில்தான். அந்தப் பிடியை விடுவிக்கும் செயற்கைப் பெப்டைடுகளைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மருந்துக் கனவோடு செய்து பார்த்திருக்கிறார்கள். சோதனைக் குழாயில் வெறும் கட்டுப்பாட்டுப் பொருளாக இருக்கும் ஒரு துண்டுக்குச் செல்லுக்குள் இப்படியும் ஒரு வாழ்வு உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

பெப்டைடு சோதனை பார்க்க அழகானது. இரண்டு சிறு குழாய்களில் ஒரே அளவு எதிர்ப்பொருள். ஒன்றில் அதன் இலக்குத் துண்டான பெப்டைடை எடையில் ஐந்து மடங்கு சேர்க்கிறோம். மற்றதில் வெறும் தாங்கல் கரைசல். இரவு முழுதும் 4 டிகிரியில் இரண்டும் மெல்லச் சுழல்கின்றன. எதிர்ப்பொருளின் எடை சுமார் 150 கிலோடால்டன், இருபது அமினோ அமிலப் பெப்டைடு சுமார் 2. ஆகவே எண்ணிக்கையில் ஒன்றுக்கு 375 துண்டுகள். செல் சாற்றின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஒரு சவ்வுக்கு மாற்றியிருக்கிறோம். காலையில், பால்பொடிக் கரைசலில் ஊறிய அந்தச் சவ்வை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு குழாய்க் கரைசலில் போடுகிறோம். பெப்டைடு சேராத கரைசலில் கிடந்த துண்டில் 53 கிலோடால்டன் அருகே கருப்புக் கோடு. பெப்டைடு சேர்ந்ததில் கிடந்தது வெள்ளை வெளேர்.

அந்த வெண்மையைக் கண்டதும் மனம் நிறைந்துவிடுகிறது. சிக்கலே அங்குதான். பஃபலோ ரோடு வாசலிலேயே 375 பாய்கள் வந்து சூழ்ந்துகொண்டால், கூப்பிட வந்தவர் சந்தைக்குள் போகவே மாட்டார். உள்ளே யாரும் திரும்பமாட்டார்கள். அவர் கூப்பிட்டது "பாய்" என்ற சொல்லைத்தான் என்பது உறுதியாயிற்று. நேற்றுத் திரும்பியவர் யார் என்பது இன்னும் தெரியாது. தவறான புரதத்தின் கோடும் சரியான கோட்டைப் போலவே மறைந்துபோகும்.

மரபணு நீக்கிய செல், நம் பாய் கடை திறக்காத நாளில் போய்க் குரல் கொடுப்பதற்குச் சமம். அன்றும் ஒருவர் திரும்பினால் அவர் நம்மவர் அல்லர். எச்1299 என்ற நுரையீரல் புற்றுச்செல்லில் பி53 கிடையாது. எச்சிடி116 குடல் புற்றுச்செல்லில் அந்த மரபணுவை நீக்கிய வகை 1998லேயே வந்துவிட்டது. இந்தச் சோதனை இரக்கம் பார்ப்பதில்லை. இரத்த அழுத்த ஆய்வில் முக்கியமான ஆஞ்சியோடென்சின் ஏற்பிக்கென விற்கப்பட்ட எதிர்ப்பொருள்கள், அந்த ஏற்பி நீக்கப்பட்ட எலிகளிலும் அதே கோடுகளைக் காட்டியதாக 2012, 2013இல் ஆய்வுகள் வெளியாயின. எதிர்ப்பொருள்களைச் சரிபார்க்க 2016இல் ஒரு பன்னாட்டுக் குழு பரிந்துரைத்த ஐந்து வழிகளில் மரபணு வழி இடம்பெற்றது. தடுப்புப் பெப்டைடு இடம்பெறவில்லை. என் தீர்ப்பும் அதுவே: கோட்டுக்குப் பெயர் சூட்டும் உரிமை பெப்டைடுக்கு இல்லை.

ஆனால் அதைக் குப்பையில் போடவும் மனம் ஒப்பவில்லை. மெர்ரிஃபீல்டின் பெப்டைடு தயாரிப்பு முறைக்கும், கோலர், மில்ஸ்டீன் ஆகியோரின் ஒற்றைவகை எதிர்ப்பொருள் முறைக்கும் ஒரே ஆண்டில், 1984இல், நோபல் பரிசு கிடைத்தது. இரண்டும் சேர்ந்து நிற்கும் இடமும் உண்டு. செல்லின் மரபணுச் சரம் சேதப்படும்போது பி53இன் 15ஆம் இடத்துச் செரீனில் பாஸ்பேட் ஏறுகிறது. அந்தப் பாஸ்பேட் ஏறிய வடிவத்துக்கென்றே எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. இங்கே மரபணு நீக்கம் கைவிரித்துவிடுகிறது: புரதமே இல்லாத செல்லில் கோடு மறைந்தால், எதிர்ப்பொருள் பார்த்தது புரதத்தையா பாஸ்பேட்டையா என்று எப்படிச் சொல்வது? இரண்டு பெப்டைடுகள் வேண்டும். வரிசை ஒன்றே, ஒன்றில் பாஸ்பேட் உண்டு, மற்றதில் இல்லை. முதலாவது கோட்டை அழித்து, இரண்டாவது அதைத் தொடாமல் விட்டால் எதிர்ப்பொருள் பார்ப்பது பாஸ்பேட்டைத்தான் என்று நம்பலாம்.

ஆகவே, சவ்வை வெட்டுவதற்கு முன் ஜெல்லின் முதல் குழியில் எச்1299 சாற்றை ஏற்றிவிடுங்கள். பெப்டைடு குழாய்கள் அதற்குப் பிறகு.