கில்லெஸ்பி: வேலூருக்கு முன்னும் பின்னும்

வேலூர்ப் புரட்சியைப் பள்ளியில் படித்தவர்களுக்கு கில்லெஸ்பியைத் தெரிந்திருக்கும். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கியவர். அதோடு பாடம் முடிந்துவிடும். அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு.

ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி 1766-ல் அயர்லாந்தில் கோம்பர் என்ற சிற்றூரில் பிறந்தவர். 17 வயதில் குதிரைப்படை. இருபதைத் தாண்டியதுமே ஒரு துப்பாக்கி துவந்த யுத்தத்தில் எதிராளியைக் கொன்று, கொலை வழக்கிலிருந்து தப்பினார். அப்புறம் மேற்கிந்தியத் தீவுகள். 1806-ல் 19-ம் லைட் டிராகூன் படையோடு ஆற்காட்டில் இருந்தார்.

ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் காதணிக்கும் தடை என்று காரணங்கள் நமக்குத் தெரிந்ததுதான். நூற்றுக்கு மேல் வெள்ளைக்காரர்கள் செத்தார்கள். தகவல் கிடைத்ததும் கில்லெஸ்பி முழுப் படை திரளும்வரை காத்திருக்கவில்லை. கையில் கிடைத்தவர்களோடு 16 மைல் பாய்ந்து வந்தார். பீரங்கி பின்னால் வந்துகொண்டிருந்தது. கோட்டைச் சுவர்மேல் 69-ம் படையில் மிஞ்சியவர்கள் தோட்டா தீர்ந்துபோய் நின்றார்கள். கயிற்றைப் பிடித்து ஏறி அவர்களோடு சேர்ந்து, பீரங்கி வரும்வரை தாக்குப்பிடித்தார். துணிச்சல்காரர்தான், மறுக்க முடியாது.

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லணும். அரண்மனைக்குள் ஒதுங்கிய சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, விசாரணை எதுவும் இல்லாமல், சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். கோட்டைக் கதவை உடைத்த பிளாக்கிஸ்டன் அதைத் தன் நினைவுக் குறிப்பில் எந்த உறுத்தலும் இல்லாமல் எழுதியிருக்கிறார். அவரும் என்ஜினியர்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைத்தது. கில்லெஸ்பிக்கு 7,000 வராகன் வெகுமதி கிடைத்தது.

1811-ல் ஜாவா. காய்ச்சலோடு கார்னெலிஸ் கோட்டைத் தாக்குதலை நடத்தினார். மறு வருஷம் யோக்யகர்த்தா அரண்மனையைப் பிடித்தார். ராஃபிள்ஸோடு பெரிய சண்டை, பரஸ்பரப் புகார்கள்.

1814 அக்டோபர் 31. டேராடூன் பக்கம் நாலாபானி மலைக்கோட்டை. உள்ளே பலபத்ர குன்வர் தலைமையில் சுமார் 600 கூர்க்காக்கள், பெண்கள் குழந்தைகள் உட்பட. நான்கு அணிகள் ஒரே நேரத்தில் தாக்கவேண்டும் என்பது திட்டம். சில அணிகளுக்குச் சைகை போய்ச் சேரவில்லை. இந்த முறையும் கில்லெஸ்பி காத்திருக்கவில்லை. குதிரையைவிட்டு இறங்கிய டிராகூன்களைக் கூட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். சுவருக்குக் கொஞ்ச தூரத்தில் குண்டு நெஞ்சில் பாய்ந்தது. வயது 48. வேலூரில் ஜெயித்த அதே பழக்கம்தான் இங்கே ஆளைக் கொன்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

கோட்டை விழ இன்னும் ஒரு மாசம் ஆனது, அதுவும் தண்ணீரைத் தடுத்த பிறகு. ஆங்கிலேயர்கள் அங்கே இரண்டு நினைவுத் தூண்கள் வைத்தார்கள். ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு விழுந்தவர்களுக்கும். மற்றது எதிரியான பலபத்ரருக்கும் அவரது வீரர்களுக்கும். எதிரி என்றால் மரியாதை உண்டு. தங்கள் சம்பளம் வாங்கியவன் எதிர்த்தால் மட்டும் சுவரோரம்!

கில்லெஸ்பியைப் புதைத்தது மீரட்டில். 1857 மே மாதம் அடுத்த சிப்பாய்க் கலகம் கிளம்பியதும் அந்த ஊரில்தான்.