பெயர் சூட்டும் உரிமை: புதுச்சேரிப் பெயர்களில் படிந்த சாதி வரலாறு

பெயர்களின் பொருளைச் சொல்லும் அகராதிகள் பெரும்பாலும் வேர்ச்சொல்லைக் காட்டியதோடு நின்றுவிடுகின்றன. ஒரு பெயரை யார் சூட்டினார்கள், யார் அதை எவ்வாறு அழைத்தார்கள், அந்தப் பெயரைக் கைவிட என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்னும் கேள்விகளுக்கு அவற்றில் இடமில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் வேர்ச்சொல்லைவிட இக்கேள்விகளே முதன்மையானவை. பெயர் மாற்றத்தைச் சட்டமாகவே இயற்றிய ஓர் ஊர் புதுச்சேரி. எனவே அவ்வூரிலிருந்து இவ்வரலாற்றைப் பார்ப்போம்.

குப்பன் என்னும் பெயர்

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் நான்கு வருணத்தாருக்கும் பெயரிடும் விதியை வகுக்கிறது. பார்ப்பனருக்கு மங்கலம், சத்திரியருக்கு வலிமை, வைசியருக்குச் செல்வம், சூத்திரருக்கு இழிவு ஆகியவற்றைப் பெயர் உணர்த்த வேண்டும் என்பது அவ்விதி. வருணத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆயினும் குப்பன், குப்பம்மாள் போன்ற பெயர்களை இழிவுக்காகவே இட்டவை என்று கொள்வது பிழை. முன்பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், புதிதாய்ப் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்திப் பின் எடுத்து அப்பெயரிடுவர். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எண்ணிச் சாவு விலகிப்போகும் என்பது நம்பிக்கை. பல சாதியாரிடமும் இவ்வழக்கம் இருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா மக்களும் இதே காரணத்துக்காக ‘குப்பைமேட்டில் கிடந்தவர்’ என்னும் பொருளில் அஜூஜி என்று பெயரிடுகின்றனர். பெற்றோரின் அச்சமும் அன்புமே இப்பெயரின் பிறப்பிடம்.

இழிவு வேறிடத்திலிருந்து வந்தது. நிலவுடைமையாளர் வீட்டுச் சிறுவன், தன் பாட்டன் வயதுடைய சேரி மனிதரை ‘டேய் குப்பா’ என்று விளிக்கும்போது அந்தப் பெயரின் பொருள் மாறிவிடுகிறது. மேல்சாதிக் குப்பனுக்குப் பின்னால் ஒரு பட்டமும், அழைப்பில் ஒரு ‘ஐயா’வும் இருந்தன. சேரிக் குப்பனுக்கு அவை மறுக்கப்பட்டன. வேர்ச்சொல் ஒன்றாயினும் அழைக்கும் உரிமை ஒன்றாக இல்லை.

திருமுழுக்கும் சுவரும்

இந்த அழைப்பு முறையிலிருந்து வெளியேற முதலில் திறந்த வழிகளுள் ஒன்று கிறித்தவத் திருமுழுக்கு. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1704 ஜூன் 23 அன்று புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, திருமுழுக்கின்போது புனிதர்களின் பெயர்களையே இட வேண்டும் என்றது. இந்துத் தெய்வங்களின் பெயர்கள் விலக்கப்பட்டன. நோயுற்ற பறையர்களின் வீடுகளுக்குக் குருக்கள் நேரில் செல்ல வேண்டும் என்றும் அதே ஆணை வற்புறுத்தியது. அதுவரை அவர்கள் செல்லத் தயங்கினர் என்பதற்கு இதுவே சான்று.

புனிதர் பெயர்கள் பல மொழிகளைக் கடந்து தமிழுக்கு வந்தவை. ‘கடவுள் அருள்புரிந்தார்’ என்று பொருள்படும் எபிரேயப் பெயரான யோவான், தமிழில் அருளப்பன் ஆயிற்று. ‘சிறியவர்’ என்னும் பொருளுடைய இலத்தீன் பெயர் பவுல், சின்னப்பன் ஆயிற்று. ஆண்மையைக் குறிக்கும் கிரேக்கப் பெயர் அந்திரேயா, பெலவேந்திரன் ஆயிற்று. சவரிமுத்துவில் உள்ள ‘சவரி’ சவேரியாரிலிருந்து வந்தது. அதன் மூலம் ‘புதிய வீடு’ என்று பொருள்படும் ஒரு பாஸ்க் மொழி ஊர்ப்பெயர்.

புதிய பெயர் கிடைத்தது. ஆனால் புதிய வீட்டில் சம இடம் கிடைக்கவில்லை. புதுச்சேரிச் சம்பா கோயிலில் தலித் கிறித்தவர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும், அதை அகற்றியபோது எழுந்த பூசலைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1745ஆம் ஆண்டுப் பதிவில் பேசுகிறது. அருளப்பன் என்னும் பெயருடைய இருவர் ஒரே கோயிலில் சுவரின் இருபுறமும் நிற்க முடிந்தது.

1881: சட்டம் திறந்த கதவு

பிரெஞ்சு ஆட்சியின் கொள்கையும் இதற்கு ஒத்தே இருந்தது. 1819 ஜனவரி 6 ஆணை பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளைப் புதுச்சேரியில் அறிவித்தபோதே, இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படி நீதி வழங்கப்படும் என்றும் உறுதியளித்தது. சாதிக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது.

அந்தக் காவலிலிருந்து தனிமனிதர் வெளியேற வழிசெய்தது 1881 செப்டம்பர் 21 ஆணை. எந்தச் சாதியினராயினும், எம்மதத்தினராயினும், ஆண் பெண் இருபாலாரும், 21 வயது நிரம்பியிருந்தால் தம் தன்னிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வரலாம். துறந்தபின் மீள முடியாது. துறக்கும் ஆவணத்திலேயே தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்தெடுத்துப் பதிய வேண்டும். இவ்வாறு துறந்தோரை ‘ரெனோன்சான்’ என்றனர்.

இவ்வியக்கத்தின் முன்னோடி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காக 1873இல் தடுக்கப்பட்டு, பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றவர். அவர் ‘பிள்ளை’ பட்டத்தைத் துறந்து ‘லபோர்த்’ என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். அதற்குக் ‘கதவு’ என்பது பொருள். அவர் வேளாளக் கிறித்தவர். ஆனால் அவருக்குப் பின் அக்கதவின் வழியே சென்றவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். பட்டத்தைத் துறப்பது அவருக்கு ஓர் இழப்பு, ஓர் அறச்செயல். துறக்கப் பட்டமே இல்லாதவர்களுக்கோ, சட்டத்தின் முன் முழுப்பெயர் உடைய மனிதராக நிற்கும் வாய்ப்பாக அது அமைந்தது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. சாதி வழக்கத்தின் காவலராகத் திகழ்ந்த நடு சண்முக முதலியார் தம் அரசியல் வலிமையைத் துறந்தோருக்கு எதிராகத் திரட்டினார். 1884இல் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என வாக்காளர் பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. சாதியைத் துறந்தவர்கள் தனிப் பட்டியலாக நின்றனர். 1899இல் அந்தத் தனிப் பட்டியலும் நீக்கப்பட்டது.

கடல் கடந்த பெயர்கள்

இதே காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களுக்கு வேறு வகை மாற்றம் நேர்ந்தது. ரெயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளில் அவர்களின் ஒற்றைத் தமிழ்ப்பெயர் குடும்பப் பெயராக உறைந்தது. அதன் முன்னே ஒரு பிரெஞ்சுப் புனிதர் பெயர் சேர்ந்தது. குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம் அத்தகைய பெயருடையவர். இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமைக்காக 1904இல் தொடங்கிய அவரது போராட்டம் 1923இல் வெற்றி கண்டது. புதுச்சேரியில் உரிமைக்காகப் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. குவாதலூப்பில் தமிழ்ப்பெயரோடு நின்றே உரிமை வெல்லப்பட்டது.

இன்றைய விலை

விடுதலைக்குப் பின் சட்டம் வேறொரு திசையில் திரும்பியது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மட்டுமே ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். புதுச்சேரிக்கென 1964இல் வந்த தனி ஆணையிலும் இதே வரம்பு உள்ளது. சட்டம் பார்ப்பது மதத்தையே. ஆனால் அலுவலகத்தில் மதத்தை முதலில் அறிவிப்பது பெயர். ஆகவேதான் பல தலித் குடும்பங்களில் கோயில் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயரும் இருக்கின்றன. இதை ஏமாற்று என்று பழிப்பவர்கள், மதம் மாறியதால் தீண்டாமை நீங்கியதா என்னும் கேள்விக்கு விடையளிப்பதில்லை. தலித் கிறித்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் தகுதி வழங்கலாம் என ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. இதே கேள்வியை ஆராய 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

பெயரைத் தாமே தெரிந்துகொள்ளும் மரபும் நம்மிடம் உண்டு. காத்தவராயன் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. தொல். திருமாவளவன் தம் தந்தை இராமசாமிக்குத் தொல்காப்பியன் என்று பெயர் சூட்டினார். பிள்ளை தந்தைக்குப் பெயரிட, முன்னெழுத்தே மாறியது.

பெயர் மாறினால் சாதி ஒழியும் என்று நாம் சொல்லவில்லை. சம்பா கோயில் சுவரும் 1884 வாக்காளர் பட்டியலும் அதை மறுக்கின்றன. பெயர் மாற்றத்தை ஒவ்வொரு முறையும் பின்தொடர்ந்து வந்து தடுத்தது சட்டமும் வழக்கமும் ஆகும். எனவே அடுத்த முறை ஒரு பெயரின் பொருளைத் தேடும்போது, அந்தப் பெயரை உடையவர் அதனால் எந்த உரிமையைப் பெற்றார், எதை இழந்தார் என்றும் கேட்போம். அருளப்பன் என்றோ குப்பன் என்றோ விரும்பிய பெயரைச் சூடிக்கொண்டு, அதற்காக எதையும் இழக்காமல் வாழும் நிலையே நாம் கோருவது.