நீண்டகால நோயாளி உள்ள வீட்டில் புயல், வெள்ள முன்னேற்பாடு

தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம், புயலும் வெள்ளமும் மிகுதியாக நேரும் காலமாகும். 2015ஆம் ஆண்டு சென்னையிலும் கடலூரிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பின்னர், காவிரிப் படுகையின் பல சிற்றூர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நீரால் சூழப்பட்டன.

நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, வலிப்பு நோய், நுரையீரல் நோய் போன்றவற்றுக்குத் தொடர் சிகிச்சை பெறுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், வெள்ளநீர் வாசற்படியைத் தொடாவிட்டாலும் ஆபத்து நேரலாம். மின்சாரம், சாலை, மருந்துக்கடை ஆகிய மூன்றும் சில நாட்கள் நின்றுபோனாலே சிகிச்சை தடைப்படும். அத்தடையைத் தவிர்ப்பதே உங்கள் முன்னேற்பாட்டின் முதல் நோக்கமாக இருக்க வேண்டும்.

மழைக்காலம் தொடங்கும் முன்

• வழக்கமான மருந்துகள் எப்போதும் இரண்டு வாரங்களுக்குக் கையிருப்பில் இருக்கட்டும். அரசு மருத்துவமனையிலோ மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ மருந்து பெறுபவராயின், தீரும்வரை காத்திராமல் சுகாதாரப் பணியாளரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள்.
• நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை, இரத்த வகை, சிகிச்சை பெறும் மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். அதனுடன் அண்மைய மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் நகல்களை நீர் புகாத உறையில் வையுங்கள். கைப்பேசியிலும் படம் எடுத்து வைக்கலாம். ஆனால் மின்னேற்றம் தீர்ந்தால் தாள் மட்டுமே உதவும்.
• மாத்திரைகளை அவற்றின் அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள். முகாமில் உள்ள மருத்துவர் மருந்தை அடையாளம் காண அட்டையில் உள்ள பெயர் தேவைப்படும்.
• நோயாளியை யார் அழைத்துச் செல்வது, எவ்வழியில், யார் வீட்டிற்கு என்பதைக் குடும்பத்தினர் கூடி முடிவு செய்யுங்கள். படுக்கையில் உள்ளவராயின், தூக்கிச் செல்ல உதவக்கூடிய அண்டை வீட்டார் இருவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தவுடன்

இந்திய வானிலை ஆய்வுத் துறை, கடலோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்திற்கு முன்பு ஒரு புயல் எச்சரிக்கையையும், 24 மணி நேரத்திற்கு முன்பு அடுத்தகட்ட எச்சரிக்கையையும் வெளியிடுகிறது. முதல் அறிவிப்பு வந்த நாளையே நீங்கள் செயற்படும் நாளாகக் கொள்ளுங்கள். மருந்து வாங்குவதும் மருத்துவமனைக்குச் சென்று வருவதும் அன்றே முடியட்டும். பேறுகாலம் நெருங்கிய கர்ப்பிணிகள், காற்று வலுக்கும் முன்னரே மருத்துவமனை அருகே தங்குவது குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் நீர் எனக் கணக்கிட்டு, மூன்று நாட்களுக்கு மூடிய பாத்திரங்களில் சேமியுங்கள். கைப்பேசி, கைவிளக்கு, மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவிகளின் மின்கலம் ஆகியவற்றை முழுமையாக மின்னேற்றம் செய்யுங்கள்.

இன்சுலின் பயன்படுத்துவோர்

திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள குப்பி, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் கெடாது; உங்கள் வகைக்குரிய கால அளவை மருந்துடன் வரும் தாளில் பாருங்கள். மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். மூடியே இருந்தால் உள்ளே ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிலைக்கும். அதன்பின், பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈரமணல் நிரப்பி, நீர் புகாத உறையிலிட்ட இன்சுலினைச் சிறிய பானையில் வைக்கலாம். பனிக்கட்டியின் மீது நேரடியாக வைக்கலாகாது. உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றினால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள்.

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோர்

அடுத்த சிகிச்சை நாளன்று சாலைகள் துண்டிக்கப்படலாம். ஆகவே முதல் அறிவிப்பு வந்ததும் சிகிச்சை மையத்தை அழைத்து, முன்னதாகவே செய்துகொள்ள இயலுமா எனக் கேளுங்கள். சிகிச்சை தள்ளிப்போனால் நீர், உப்பு, பொட்டாசியம் ஆகியவற்றை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். முகாம்களிலும் வீடுகளிலும் அன்போடு தரப்படும் வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. சிகிச்சை தடைப்பட்ட நிலையில் அவை இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும்.

வீட்டில் ஆக்சிஜன் பெறுவோர்

ஆக்சிஜன் செறிவூட்டி மின்சாரமின்றி இயங்காது. நிரப்பிய உருளை ஒன்றை மாற்றாக வையுங்கள். 1,500 லிட்டர் கொண்ட உருளை, நிமிடத்திற்கு 2 லிட்டர் எனில் ஏறத்தாழ 12 மணி நேரம் வரும். அதற்கு மேலும் மின்தடை நீடிக்கும் என அஞ்சினால், புயலுக்கு முன்னரே மருத்துவமனைக்குச் செல்வது நன்று. ஆக்சிஜன் உள்ள அறையில் மெழுகுவத்தியோ விளக்கோ ஏற்றக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டினுள் இயக்காதீர்கள். அதன் நச்சுப்புகை உயிரைப் பறிக்கும்.

நிறுத்தக் கூடாத மருந்துகள்

வலிப்பு நோய், மனநலப் பாதிப்பு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளையும் ஸ்டீராய்டு மருந்துகளையும் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருந்து தீரும் நிலையில் இருந்தால், முகாமை அடைந்தவுடன் அங்குள்ள மருத்துவக் குழுவிடம் உங்கள் தாளைக் காட்டுங்கள்.

வெள்ளம் வடிந்த பின்

• வெள்ளநீர் பட்ட மருந்துகளை, அட்டை உலர்ந்திருப்பினும், பயன்படுத்தாதீர்கள்.
• நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டு, ஆறவைத்துப் பருகுங்கள்.
• வெள்ளநீரில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள். எலிக்காய்ச்சல் காலில் உள்ள புண் வழியாகவும் தொற்றும்; நீரிழிவு உள்ளோர் நாள்தோறும் பாதங்களைச் சோதிக்க வேண்டும்.

உடனடி உதவி தேவைப்படும் அறிகுறிகள்

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நினைவு தடுமாற்றம், வலிப்பு, நிற்காத வாந்தி, பாம்புக்கடி ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் காலம் தாழ்த்தாமல் 108 ஆம்புலன்சை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கட்டும்.