தொடக்ககால ஜாஸ் இசைத்தட்டுகளும் ஐரோப்பாவில் கறுப்பினக் கலைஞர்களும்

ஜாஸ் என்பது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதன்மையாகக் கறுப்பின மக்களிடையே உருவான இசைவடிவம். ஆனால் ஜாஸ் என்ற பெயருடன் முதலில் வெளிவந்த இசைத்தட்டில் வாசித்தவர்கள் வெள்ளையர்கள். ஒரிஜினல் டிக்சிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற ஐவர் குழு 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக அதைப் பதிவு செய்தது. ஆகவே இசைத்தட்டுகளை மட்டும் சான்றாகக் கொண்டால், இந்த இசையை யார் உருவாக்கினார்கள் என்பது மறைந்துவிடும்.

போர்க்கால பிரான்ஸ்

முதல் உலகப்போரின்போது கறுப்பின வீரர்களைக் கொண்ட 369ஆம் காலாட்படைப் பிரிவு பிரான்ஸ் சென்றது. இனப்பாகுபாடு நிலவிய அமெரிக்கப் படை, இப்பிரிவைப் பிரெஞ்சுப் படையின் கீழ் போரிட அனுப்பியது. ஜேம்ஸ் ரீஸ் யூரோப் நடத்திய அதன் இசைக்குழு 1918இல் பிரெஞ்சு நகரங்களில் வாசித்து மக்களின் பெரும் வரவேற்பைப் பெற்றது. நாடு திரும்பிய பின், 1919இல் இக்குழு பாத்தே நிறுவனத்துக்காக இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. அதே ஆண்டு மே 9 அன்று, தம் குழுவைச் சேர்ந்த ஒருவரால் கத்தியால் குத்தப்பட்டு யூரோப் இறந்தார்.

லண்டனில் பெஷே

1919இல் வில் மரியன் குக்கின் சதர்ன் சின்கோபேட்டட் ஆர்க்கெஸ்ட்ரா லண்டன் சென்றது. அதில் கிளாரினெட் வாசித்த சிட்னி பெஷேயை, சுவிட்சர்லாந்தின் இசை நடத்துநர் எர்னஸ்ட் அன்செர்மே அந்த ஆண்டே ஒரு கட்டுரையில் மேதை என்று பாராட்டினார். பெஷேயின் முதல் இசைத்தட்டுகள் அமெரிக்காவில் வெளிவந்ததோ 1923இல்தான். கிங் ஆலிவர் குழுவும், அதில் வாசித்த லூயி ஆம்ஸ்ட்ராங்கும் முதன்முதலாகப் பதிவு செய்ததும் அதே ஆண்டில், இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில்.

வரவேற்பின் எல்லை

ஐரோப்பாவின் பாராட்டு முழுமையான சமத்துவம் அன்று. ஒரு வழக்கைத் தொடர்ந்து 1922இல் பெஷே பிரிட்டனிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1925இல் பாரிசில் ஜோசபின் பேக்கரைப் புகழ்பெறச் செய்த மேடை நிகழ்ச்சி, ஆப்பிரிக்கா பற்றிய ஐரோப்பியரின் கற்பனைகளுக்குத் தீனி போட்டது. இருப்பினும், நேரில் கேட்ட ஐரோப்பியர் சிலர் எழுதிவைத்த பதிவுகள், இசைத்தட்டுகள் விட்டுவிட்ட ஆண்டுகளுக்குச் சான்றாக நிற்கின்றன. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் யார் முதலில் அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையே இசைத்தட்டு சொல்கிறது. இசையை முதலில் படைத்தவர்கள் யார் என்பதை அன்று.