சின்ன பிளென்ஹைமும் 1941 பினாங்கும்



பினாங்கு லிட்டில் இந்தியாவில், பாசார் தெருவின் கிழக்கு முனையைக் கடந்து சற்றே நடந்தால் கடல் தெரியும். அக்கரையில் இருப்பது பட்டர்வொர்த். அங்குள்ள வானூர்தித் தளத்தை 1941ஆம் ஆண்டில் பிரித்தானிய வான்படை பயன்படுத்தி வந்தது. உருமாதிரி வானூர்தி செய்யும் நம் இளையோர் ஸ்பிட்ஃபயரையும் முஸ்டாங்கையும் விரும்பி ஒட்டுகின்றனர். ஆனால், நம் ஊருக்கு எதிர்க்கரையில் நின்று, நம் ஊரின் விதியோடு பிணைந்துபோன வானூர்தி ஒன்று உண்டு. அதுதான் பிரிஸ்டல் பிளென்ஹைம் என்னும் குண்டுவீச்சு வானூர்தி. அதைச் சிறிய அளவில் சரியாகச் செய்ய விரும்புவோர் பினாங்கின் வரலாற்றையும் படித்தே ஆக வேண்டும்.

எந்தப் பிளென்ஹைம்?

போர் தொடங்கியபோது மலாயா, சிங்கப்பூர் தளங்களில் பிளென்ஹைமின் முதல் வகையும் நான்காம் வகையும் இருந்தன. நான்காம் வகைக்கு மூக்கு நீளம். முதல் வகையின் மூக்கோ குட்டையாக, கண்ணாடிச் சட்டங்களால் ஆனதாக இருக்கும். அலோர்ஸ்டாரிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கிய 62ஆம் அணியிடம் இருந்தது முதல் வகையே. கடையில் பெட்டியை எடுக்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இவ்வகையை 1/72 அளவில் வெளியிட்டுள்ளது. உண்மை வானூர்தியின் இறக்கை அகலம் 17.17 மீட்டர், நீளம் 12.12 மீட்டர். 72ஆல் வகுத்தால், ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் அகலமும் 17 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட உருமாதிரி நம் மேசைமேல் நிற்கும்.

மூக்கு முழுதும் கண்ணாடி என்பதால் உள்ளே இருப்பவை எல்லாம் வெளியே தெரியும். ஆகவே உட்புறத்தை முதலில் முடித்து, பச்சை வண்ணம் பூசி, உலரவிட்ட பிறகே உடலின் இரு பாதிகளையும் ஒட்ட வேண்டும். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் புதுப்பிக்கப்பட்டு, முதல் வகை மூக்கோடு 2014ஆம் ஆண்டு மீண்டும் பறந்த பிளென்ஹைமின் படங்கள் இவ்வேலைக்குப் பெரிதும் உதவும். கண்ணாடிப் பகுதிகளுக்கு நெகிழிப் பசை ஆகாது. அதன் ஆவி கண்ணாடியை மங்கச் செய்துவிடும். வெள்ளைப் பசையே ஏற்றது. மேற்புறத்திற்கு மண்பழுப்பும் கரும்பச்சையும் அலையலையாகப் பூச வேண்டும். வட்டச் சின்னங்களை ஒட்டுமுன் பளபளப்பு மெருகு ஒரு பூச்சு கொடுத்தால் அவை சுருங்காமல் படியும்.

துப்பாக்கிகளைப் பொருத்தும்போது ஓர் உண்மை விளங்கும். இடது இறக்கையில் ஒன்று, முதுகுக் கூண்டில் ஒன்று, அவ்வளவே! முதல் வகை பறக்கத் தொடங்கிய 1936இல் அது விரைவான வானூர்தி. 1941இல் ஜப்பானியப் போர் வானூர்திகளுக்கு முன் அது எளிய இரை.

டிசம்பர் 9

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணியிலும் கரையிறங்கினர். மறுநாள் மாலை, சிங்கோராவைத் தாக்கப் பட்டர்வொர்த்தில் பிளென்ஹைம்கள் அணியமாயின. முதலாவது வானூர்தி எழுந்த வேளையில் ஜப்பானியர் தளத்தைத் தாக்கினர். எஞ்சியவை தரையிலேயே அழிந்தன. அல்லது பறக்க இயலாதவாறு சேதமுற்றன.

எழுந்துவிட்ட ஒற்றை வானூர்தியைச் செலுத்தியவர் ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப். உடனிருந்தோர் கால்டர், ரிச் என்னும் இருவர். திரும்பிவிட அவருக்குக் காரணம் இருந்தது. எனினும் தனியாகவே சிங்கோரா சென்று குண்டு வீசினார். திரும்பும் வழியில் எதிரி வானூர்திகள் சூழ்ந்து சுட்டன. இடக்கை சிதைந்து, முதுகில் காயமுற்ற நிலையிலும், தோழர்கள் தாங்கிப் பிடிக்க, அலோர்ஸ்டார்வரை கொண்டுவந்து தரையில் மோதி இறக்கினார். தோழர்களுக்குக் காயமில்லை. அவர் அன்றே மருத்துவமனையில் உயிர் நீத்தார். 1946இல் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. தைப்பிங் போர்க் கல்லறையில் அவர் உறங்குகிறார்.

டிசம்பர் 11

ஸ்கார்ஃபின் வீரத்தோடு கதையை முடித்துவிடுவது முறையாகாது. பட்டர்வொர்த்தில் மிஞ்சிய வானூர்திகள் தெற்கே பின்வாங்கின. பினாங்குத் தீவில் வானூர்தி எதிர்ப்புப் பீரங்கியும் இல்லை. இரண்டே நாளில், டிசம்பர் 11ஆம் நாள், ஜப்பானியக் குண்டுவீச்சு வானூர்திகள் ஜோர்ஜ்டவுன்மேல் வந்தன. மக்கள் அஞ்சி ஒளியவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்டனர்! குண்டுகள் அந்தக் கூட்டத்தின் நடுவே விழுந்தன. மாண்டோரும் காயமுற்றோரும் ஆயிரக்கணக்கில் இருந்தனர்.

பின்னர், இரவோடு இரவாக ஐரோப்பியர் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கைவிடப்பட்டனர். அப்போது முன்வந்தவர் ஒரு தமிழர். ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர், இலங்கையில் பிறந்த மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரித்தானியக் கொடியை அவர் இறக்கினார். ஊரைக் காக்கப் பல இனத்தவரையும் கொண்ட சேவைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். பிரித்தானியர் போய்விட்டனர் என்பது வானொலி வழியே அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர். பின்வந்த ஆண்டுகளில் மலாயாத் தமிழர் பட்ட துயரை, சயாம் மரண இரயில்பாதை ஒன்றே சொல்லும்.

வானூர்திகள் தரையில் எரிந்த டிசம்பர் 9ஐ அறியாமல், வானம் வெறுமையாய்க் கிடந்த டிசம்பர் 11ஐ விளங்கிக்கொள்ள இயலாது. எனவே மாணவச் செல்வங்களே, இந்த உருமாதிரியைச் செய்வீர்களாயின், சக்கரங்களைக் கீழிறக்கிப் பட்டர்வொர்த் தரையில் நிற்பதாகவே அமையுங்கள். பலகையின் முன்பக்கத்தில் ஸ்கார்ஃப், கால்டர், ரிச் என மூன்று பெயர்களையும் எழுதுங்கள். பின்பக்கத்தில், அக்கரையில் தெருவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்த நம் மக்களுக்காக, "11.12.1941, பினாங்கு" என்று எழுதி வையுங்கள்.