அவுரி நீலமும் ஆப்பிரிக்கப் பிசினும்

புதுச்சேரியின் துணி வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. சவானா, ரோடியர் முதலிய ஆலைகளும், 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பன்னிரண்டு தொழிலாளர்களும் அதில் தமக்குரிய இடத்தைப் பெற்றுள்ளனர். எனினும், அந்நகரத் துணிக்குக் கடல் கடந்த மதிப்பைத் தேடித்தந்த நீலச் சாயத்தொழில் அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கிறது.

1783-ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை, வில்லியனூர், பாகூர் ஆகிய இரு வட்டாரங்களும் புதுச்சேரியைச் சார்ந்த நிலப்பகுதிகளாகப் பிரான்சுக்குக் கிடைக்க வழிசெய்தது. இந்நாட்டுப்புறத்தை அடுத்திருந்த தென்னார்க்காடு, சென்னை மாகாணத்தில் அவுரி மிகுதியாக விளைந்த மாவட்டங்களுள் ஒன்று. அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, வடிந்த நீரைக் காற்றுப் படும்படி நெடுநேரம் அடித்துக் கலக்கினால் நீலம் வண்டலாகப் படியும்; அதைக் காயவைத்து நீலக்கட்டிகளாக்குவர். நீலக்கட்டி வெறும் நீரில் கரையாது என்பதால், அதை அரைத்து, வேகவைத்த தகரை விதை, சுண்ணாம்பு, உவர்மண் நீர் ஆகியவற்றோடு தாழியிலிட்டுப் புளிக்கவைப்பது சாயக்காரர் வழக்கம். தாழி பக்குவப்பட்டதா என்பதை அவர்கள் நுரையையும் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அறிந்தனர். தாழியிலிருந்து பசுமஞ்சளாக வெளிவரும் துணி, காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். கருநீலம் வேண்டுமெனில் பலமுறை தோய்த்து உலர்த்த வேண்டும்.

இவ்வாறு சாயமேறிய துணியைப் பிரெஞ்சு வணிகர் 'கினே' என்றனர். வாங்குவோரின் நாடான மேற்கு ஆப்பிரிக்கக் கினியாக் கரையின் பெயரே அதற்கு நிலைத்தது. செனகல் ஆற்றங்கரைச் சந்தைகளில் மூர் இனத்தார் இத்துணியைப் பெற்றுக்கொண்டு வேலமரப் பிசினைக் கொடுத்தனர். அங்கே ஒரு துண்டு கினேயே பொருள்களின் விலையை அளக்கும் நாணயமாக வழங்கியது. அப்பிசினோ ஐரோப்பியத் துணி அச்சாலைகளில் சாயக் குழம்பைக் கெட்டியாக்கப் பயன்பட்டது. புதுச்சேரியின் சாயம் வாங்கித்தந்த பிசினே ஐரோப்பாவின் சாயத்தைத் துணியில் நிறுத்தியது என்பதால், இத்தாழிகள் மூன்று கண்டங்களின் தொழிலை இணைத்திருந்தன எனலாம்.

ஐரோப்பாவில் செய்யப்பட்ட போலிகளை மூர் இனத்தார் எளிதில் ஏற்கவில்லை. நிறத்தோடு பளபளப்பையும் மணத்தையும் ஆராய்ந்தே அவர்கள் உண்மைத் துணியைத் தெரிந்தெடுத்தனர். தரம் தாழ்ந்தபோது, 1843-இல் பிரெஞ்சு அரசாணையே கினேயின் அளவையும் தரத்தையும் வரையறுக்க நேர்ந்தது. பிசின் வணிகம் சுருங்கியதும், 1897-இல் ஜெர்மானியச் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும் இயற்கை நீலத்தின் காலத்தை முடிவை நோக்கித் தள்ளின.

திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. ஆனால், செடியை வைத்து மட்டும் தொழிலை மீட்க முடியாது. தாழியின் மணமறிந்து பக்குவம் சொன்ன அறிவு நூலில் அன்றிக் கைகளில் வாழ்ந்தது. ஆலைகளுக்குத் தரப்படும் இடம் அக்கைகளுக்கும் தரப்படும்போதே புதுச்சேரியின் தொழில் வரலாறு நிறைவு பெறும்.